கடலோரப் பள்ளி ஆய்வகத்தில் நீரைக் காய்ச்சி வடித்த அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடைப்பட்ட கடலோரப் பகுதியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். எங்கள் ஆய்வகக் குழாயில் வருவது பள்ளி வளாகத்துக் கிணற்று நீர். தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஆனி, ஆடி மாதங்களில் அது ஓரளவு நல்ல நீராக இருக்கும். மாசி, பங்குனியில், அதாவது பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வை ஒட்டிய நாட்களில், அதில் உப்பு ஏறிவிடும். அந்த நீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் கரைசலை விட்டால், தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு உடனே இறங்கும்; அது குளோரைடு இருப்பதன் அடையாளம். இதே நீரில் உப்பைக் கரைத்துப் பகுப்பாய்வு செய்யும் மாணவருக்கு, கையில் இருப்பது நைட்ரேட் உப்பாக இருந்தாலும் சல்ஃபேட்டாக இருந்தாலும், குளோரைடு இருப்பதாகவே முடிவு வரும். சரியாகச் செய்த மாணவர் தவறான விடையை எழுதி மதிப்பெண் இழப்பதை ஓர் ஆசிரியரால் ஏற்க முடியாது.

வாகன பேட்டரிக்கு ஊற்றுவதற்கென்று விற்கும் நீரைக் கேனில் வாங்கிப் பயன்படுத்துவதே பல ஆய்வகங்களின் வழக்கம். நாங்களும் வாங்கினோம். ஒரு கேன் தெளிவாக இருந்தது. அதே கடையில் வாங்கிய அடுத்த கேனில் சில்வர் நைட்ரேட் சொட்டியதும் மெல்லிய வெண்ணிறக் கலக்கம் தெரிந்தது. மழைநீரையும் சோதித்தோம். கடற்காற்று உப்புத் துளிகளைச் சுமந்து வரும் எங்கள் பகுதியில், வெளியில் வைத்த பாத்திரத்தில் நேராகப் பிடித்த மழைநீரில்கூட லேசான கலக்கம் இருந்தது. எனவே எங்களுக்குத் தேவையான நீரை நாங்களே காய்ச்சி வடித்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். சுவரில் பொருத்தும் பெரிய உலோகச் சாதனங்களுக்கு மின்சாரமும் ஓடும் நீரும் ஏராளமாக வேண்டும். எங்களுடைய தேவை வாரத்துக்கு ஓரிரு லிட்டர்தான் என்பதால், மேசையின் ஒரு மூலையில் அடங்கும் சிறிய கண்ணாடிச் சாதனமே பொருத்தமாகத் தோன்றியது.

நாகர்கோவிலில் ஆய்வகப் பொருள் விற்கும் கடை ஒன்றின் வழியாக, அறிவியல் கருவித் தயாரிப்புக்குப் பெயர்பெற்ற ஹரியானா மாநிலத்து அம்பாலாவில் இருந்து அதை வரவழைத்தோம். 500 மி.லி. கொள்ளளவுள்ள வட்டஅடிக் குடுவை, வெப்பமானி செருகும் தலைப்பகுதி, நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் ஒரு சாண் நீளமுள்ள லீபிக் குளிர்விப்பான், அந்த நீரைப் பாட்டிலுக்குள் இறக்கும், காற்றுத் துளை உள்ள வளைந்த ஏற்பி ஆகியவை அதன் உறுப்புகள். எல்லாம் போரோசிலிகேட் கண்ணாடி. இணைப்புகள் எல்லாம் தேய்த்துப் பொருத்திய கண்ணாடி ஜாயின்டுகள். வாங்குபவர்கள் இணைப்பு அளவை முதலிலேயே கேட்டு வாங்க வேண்டும். பி19, பி24 என்று வெவ்வேறு அளவுகள் உண்டு. ஒன்று மாறினாலும் பின்னாளில் உடைந்த உறுப்புக்கு மாற்று வாங்கும்போது பொருந்தாது. குடுவையைச் சூடாக்க 300 வாட் ஹீட்டிங் மேன்டில் (குடுவையைப் பொதிந்து சூடாக்கும் மின்சாதனம்) ஒன்றும், வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுடன் சேர்த்து வாங்கினோம். உயர்நிலை வகுப்புகளில் நாங்கள் ஸ்பிரிட் விளக்கில் வடித்துக் காட்டியதுண்டு; வெப்பம் ஒரே சீராக இருக்க வேண்டுமானால் மேன்டில்தான் சரி.

குழாய்க்குள் குழாய் வைத்து, உள்ளே நீராவியும் வெளியே குளிர்நீரும் எதிரெதிர்த் திசையில் செல்லுமாறு அமைக்கும் முறையை ஜெர்மனியைச் சேர்ந்த வைகல் 1771-இல் வெளியிட்டார். பின்னர் அதைப் பரவலாக்கிய ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக்கின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. குளிர்நீர் கீழ்முனை வழியாக நுழைந்து மேல்முனை வழியாக வெளியேற வேண்டும். மாற்றிப் பொருத்தினால் வெளிக்குழாய் முழுவதும் நிரம்பாமல் மேற்பகுதியில் காற்று தங்கிவிடும். சூடான கண்ணாடியின் ஒரு பகுதியில் மட்டும் குளிர்நீர் பட்டு விரிசல் விழவும் வாய்ப்புண்டு. ஏற்பியில் உள்ள காற்றுத் துளையை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக் கூடாது. முழுவதும் மூடிய சாதனத்தைச் சூடாக்கினால் அழுத்தம் ஏறி அது வெடிக்கும் என்பதை மாணவர்களுக்கு ஒவ்வொரு முறையும் சொல்லிக் காட்டுகிறேன்.

குளிர்நீரை எப்படிக் கொடுப்பது என்பதுதான் எங்களை முதலில் யோசிக்க வைத்தது. ஒரு கிராம் நீராவி நீராக மாறும்போது ஏறத்தாழ 2,257 ஜூல் வெப்பத்தை வெளிவிடுகிறது. குழாய் நீரை நேராகத் திறந்துவிட்டு, அது 10 டிகிரி சூடேறி வெளியே போகிறது என்று கணக்கிட்டால், ஒரு லிட்டர் வடிநீருக்கு 50 லிட்டருக்கு மேல் நீர் வீணாகச் சாக்கடையில் சேரும். பங்குனி வெயிலில் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில் அப்படிச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. நாங்கள் ஆய்வக அண்ணன் என்றே அழைக்கும் உதவியாளர் இதற்கு வழி கண்டார். பழுதான ஏர்கூலரில் இருந்து கழற்றிய சிறு நீர்மூழ்கிப் பம்பை 20 லிட்டர் வாளியில் போட்டு, அதே நீரைக் குளிர்விப்பான் வழியாகச் சுற்றவிட்டார். ஒரு முறை வடிப்பதற்கு ஆவியாகும் 200 மி.லி. நீர், அந்த வாளி நீரை 5 முதல் 6 டிகிரி வரைதான் சூடாக்கும். தொடர்ந்து இரண்டாம் முறை வடிப்பதானால், உறைகுளிரூட்டியில் நீர் நிரப்பி வைத்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை வாளியில் மிதக்கவிடுகிறோம். வாளியில் இருப்பது கிணற்று நீராகவே இருக்கலாம். வடிநீரோடு அது எங்கும் சேர்வதில்லை. பம்பின் வயரும் பிளக்கும் நனையாமல் உயரத்தில் இருப்பதில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறோம்.

சாதனம் சிறியதாக இருப்பதால் வரும் ஒரு சிக்கலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதலில் வடித்த நீர் கண்ணுக்குப் பளிங்காகத் தெரிந்தது. ஆனால் சில்வர் நைட்ரேட் சொட்டிக் கறுப்புத் தாளின் முன் பிடித்துப் பார்த்தபோது, சோதனைக் குழாயின் நடுவில் புகைபோல் ஒரு மங்கல் சுழன்றது. குளோரைடு உப்பு 100 டிகிரியில் ஆவியாகி வராது. அப்படியானால் கொதிக்கும் நீரே துளித்துளியாகத் தெறித்து நீராவியோடு குளிர்விப்பானுக்குள் நுழைந்திருக்க வேண்டும். குடுவையை உற்றுப் பார்த்தபோது அது புரிந்தது. கொதி கூடும்போது குமிழிகள் உடைந்து சிதறும் நுண்துளிகள் கழுத்தின் உட்சுவரில் ஒட்டி, மேலே ஏறி, தலைப்பகுதியின் வளைவு வரை போய்விடுகின்றன. பெரிய சாதனத்தில் கழுத்து நீளமாக இருப்பதால் அவை வழியிலேயே திரும்பிக் குடுவைக்குள் விழுந்துவிடும். சிறிய சாதனத்தில் அதற்கு இடமில்லை.

தக்கலைப் பக்கம் ஓமத் தீநீர் இறக்கும் முதிய சித்த வைத்தியர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: “தீயக் கூட்டினா பொங்கி, கலங்கலும் சேந்து வந்திரும் டீச்சரே. வாலையில வடிக்கிறதுக்குப் பொறும வேணும்.” அவருடைய வாலை, அதாவது வடிகலம், செம்பால் ஆனது, எங்களுடையது கண்ணாடி, இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான். நாங்கள் மூன்று மாற்றங்கள் செய்தோம். குடுவையில் பாதிக்கு மேல், அதாவது 250 மி.லி.க்கு மேல், நீர் நிரப்புவதை நிறுத்தினோம். குடுவைக்கும் தலைப்பகுதிக்கும் இடையே, தெறிக்கும் துளிகளைத் தடுத்துத் திருப்பிவிடும் குமிழ் வடிவக் கண்ணாடித் துண்டு ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்தினோம். ஏற்பியில் இருந்து நொடிக்கு ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு சொட்டு விழும் அளவுக்கு மேன்டிலின் திருகைக் குறைத்தோம். அதன் பிறகு வடித்த நீரில், கறுப்புத் தாள் முன் எவ்வளவு நேரம் பிடித்தாலும் எந்த மங்கலும் தெரியவில்லை.

கொதிப்பைச் சீராக்கக் கொதிகற்களும் வேண்டும். மெருகு பூசாத பீங்கான் சில்லுகளை உடைத்து, வடிநீரில் சில முறை கொதிக்க வைத்து அலசிக் காயவைத்துப் பயன்படுத்துகிறோம். அவற்றின் நுண்துளைகளில் தங்கியிருக்கும் காற்றில் இருந்துதான் குமிழிகள் ஒழுங்காகப் புறப்படுகின்றன. அது இல்லாவிட்டால் நீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறித் திடீரென்று குதிக்கும். சூடான நீரில் கொதிகல்லைப் போடவே கூடாது; பொங்கி முகத்தில் அடிக்கும். எங்கள் ஊரில் மின்தடை சாதாரணம். நடுவில் மின்சாரம் நின்று நீர் ஆறிவிட்டால் சில்லுகளின் துளைகளில் நீர் புகுந்து அவை பயனற்றுப் போகும். ஆகவே குடுவை நன்றாக ஆறிய பிறகு புதிய சில்லுகளைப் போட்டே மீண்டும் தொடங்க வேண்டும். மின்தடையில் குடுவை ஆறக்கூடும் என்பதால், ஏற்பியின் நுனி பாட்டிலில் சேர்ந்த நீருக்குள் மூழ்காதபடியும் பார்த்துக்கொள்கிறோம். நுனி மூழ்கியிருந்து, காற்றுத் துளையும் ஏதோ ஒரு வகையில் அடைபட்டிருந்தால், குடுவை ஆறும்போது உண்டாகும் வெற்றிடம் வடித்த நீரைத் திரும்ப உள்ளே இழுத்துவிடும்.

முதலில் வரும் 25 மி.லி.யை நாங்கள் சேர்ப்பதில்லை. கிணற்றில் போட்ட பிளீச்சிங் பவுடரின் குளோரின், நீரில் கரைந்திருக்கும் அம்மோனியா, பைகார்பனேட் சிதைந்து வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு ஆகியவை பெரும்பாலும் அந்தப் பகுதியோடுதான் வருகின்றன. அடியில் கால் பங்கு நீர் மீதமிருக்கும்போதே மேன்டிலை அணைத்துவிடுகிறோம்; வற்றவிட்டால் உப்புப் படிவு கண்ணாடியில் இறுகி, குடுவையே விரிசல் காணும். ஆக, ஒரு முறைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் 160 மி.லி. நல்ல நீர் கிடைக்கிறது. ஒரு லிட்டர் நீரைச் சூடாக்கி ஆவியாக்கக் கோட்பாட்டளவில் 0.7 யூனிட் மின்சாரம் போதும். வெப்ப இழப்பையும் தள்ளிவிடும் பகுதிகளையும் சேர்த்தால் எங்களுக்கு 2 யூனிட் வரை ஆகிறது. கேனில் வாங்குவதைவிட இது மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் நானே பொறுப்பேற்க முடிகிறது.

சில்வர் நைட்ரேட் சோதனை குளோரைடை மட்டுமே காட்டும் என்பதால், கடத்துத்திறன் மீட்டரையும் பயன்படுத்துகிறோம்; கரைந்த உப்பு எதுவாக இருந்தாலும் நீர் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்துவதை அது காட்டிவிடும். ஆய்வக நீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1070, மூன்றாம் தர நீருக்கு 25 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோசீமென்ஸ் என்று வரம்பு வைத்திருக்கிறது. பள்ளிச் செய்முறைகளுக்கு அந்தத் தரம் தாராளம். எங்கள் கிணற்று நீர் கோடையில் 2,000-ஐத் தொடும். வடித்த நீர் 2-க்கும் 4-க்கும் இடையே நிற்கிறது. குடிநீருக்கென்று விற்கும் பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டர் (கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டுவது) இந்த அளவில் 1 அல்லது 2 என்று மட்டுமே காட்டும் என்பதால் நுட்பமான வேறுபாட்டை அதில் அறிய முடியாது. கேனில் வாங்கிய நீர் மோசமா என்று தெரிந்துகொள்ள அதுவே போதும்.

குடுவையின் அடியில் சேரும் வெள்ளைப் படிவை நீக்க, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி ஓர் இரவு வைக்கிறோம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விரைவாகக் கரைக்கும் என்றாலும், அதன் குளோரைடு கண்ணாடியில் ஒட்டியிருந்தால் நாம் எதற்காக வடிக்கிறோமோ அதுவே கெட்டுவிடும். ஜாயின்டுகளுக்கு கிரீஸ் தடவுவதில்லை. வடிநீரில் நனைத்துப் பொருத்தினால் போதும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே அவற்றைக் கழற்றிவிட வேண்டும்; அடுத்த நாள் வரை விட்டுவைத்தால் இறுகிக்கொள்ளும்.

சேமிக்கும் பாட்டிலும் முக்கியம். சாதாரணக் கண்ணாடியில் இருந்து சோடியம் மெல்ல நீரில் இறங்கும் என்பதால் பாலித்தீன் பாட்டிலிலோ போரோசிலிகேட் பாட்டிலிலோ வைத்து, வடித்த தேதியையும் மீட்டர் காட்டிய அளவையும் ஒட்டிவிடுகிறோம். வடிநீரில் பி.எச். தாளை நனைத்துவிட்டு, அமிலம் காட்டுகிறதே என்று மாணவர்கள் திகைப்பதுண்டு. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் தூய நீரின் பி.எச். 5.6 அளவுக்கு இறங்குவது இயல்பு. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் தயாரிக்கும்போது மட்டும் வடிநீரைச் சில நிமிடங்கள் கொதிக்க வைத்து, மூடி ஆறவைத்துப் பயன்படுத்தச் சொல்கிறேன். சோதனைக் குழாய்களையும் ப்யூரெட்டையும் முதலில் கிணற்று நீரிலேயே கழுவி, கடைசி அலசலை மட்டும் பிதுக்கு பாட்டிலில் இருந்து வடிநீரால் செய்கிறார்கள். இப்படிச் சிக்கனமாகச் செலவிட்டால், பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழுவின் உப்புப் பகுப்பாய்வுக்கு ஒன்றரை லிட்டர் போதுமானதாக இருக்கிறது.