பார்த்தவர்கள் பட்டியல்

"தவறுதலா விரல் பட்டிருச்சு." இதுதான் நான் சொன்னது. அவர் "ஓ... சரி மேடம்" என்றார். அந்த "ஓ" இன்னும் காதிலேயே நிற்கிறது.

விஷயம் சின்னதுதான். நான் மனநல ஆலோசகர், அவர் என்னிடம் ஆலோசனைக்கு வருபவர். சந்திப்பு நேரம் மாற்றிச் சொல்வதற்காக அவருடைய எண்ணைப் போனில் சேமித்திருந்தேன். அவரும் என்னுடையதை வைத்திருந்தார். இரண்டு பக்கமும் சேமித்திருந்தால் வாட்ஸாப் ஸ்டேட்டஸ் தானாக வந்து நிற்கும், தேடிப் போக வேண்டியதில்லை. இரவு 11.40. அவர் பெயருக்கு முன்னால் பச்சை வளையம். திறந்தேன். கறுப்புப் பின்னணியில் ஒற்றை வரி: 'இத்துடன் போதும்.' வளையம் சாம்பல் நிறமாயிற்று. அந்த நொடியே அவருடைய போனில், பார்த்தவர்கள் பட்டியலில், என் பெயரும் நேரமும் ஏறிவிட்டன.

விரல் பட்டது உண்மையா? முதல் தடவை அப்படி இருக்கலாம். இரண்டாவது தடவை நானேதான் திறந்தேன். எத்தனை முறை பார்த்தாலும் பட்டியலில் ஒரு பெயர் ஒரு முறைதான் வரும் என்பது எனக்கு வசதியாகப் போயிற்று.

என்ன போதும்? வேலையா, அந்த உறவா, எல்லாமேவா? எங்கள் உரையாடல்களில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருபோதும் வந்ததில்லை. நான் நேரடியாகவே கேட்டிருக்கிறேன், இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். அதனால் மெசேஜ் அனுப்பவில்லை. அனுப்பினால் இனி அவர் போடும் ஒவ்வொரு ஸ்டேட்டஸும் எனக்கு எழுதிய கடிதமாகிவிடும் என்று நினைத்தேன். இப்போதும் அது சரியான காரணம் என்றுதான் படுகிறது. ஆனால் காரணம் அவ்வளவு சரியாக இருந்தால், நான் ஏன் இரண்டு மணி வரை தூங்காமல் அவர் கடைசியாக எப்போது ஆன்லைனில் இருந்தார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்?

இரண்டு நாள் கழித்து வழக்கமான நேரத்துக்கு வந்தார். போதும் என்றது வேலையை. ராஜினாமா கொடுத்திருந்தார். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். அப்புறம் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே, "நீங்க அன்னைக்கு ஸ்டேட்டஸ் பார்த்தீங்கல்ல... உங்களுக்காகப் போடல. ஆனா நீங்க பார்த்ததும்..." என்று ஆரம்பித்தார். அங்கேதான் நான் குறுக்கே விழுந்தேன். தவறுதலா விரல் பட்டிருச்சு.

'பார்த்ததும்' என்ன? நிம்மதியா, எரிச்சலா, பயமா? இந்தத் தொழிலில் முதல் நாள் கற்பிப்பது, எதிரில் இருப்பவர் வாக்கியத்தை முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிரு என்பது.

முதல் சந்திப்பில் ஒரு படிவத்தை நானே வாசித்துக் காட்டுவேன்: மெசேஜ் நேரம் மாற்ற மட்டும், நட்பு அழைப்பை ஏற்கமாட்டேன், உங்கள் பக்கங்களைத் தேடிப் பார்க்கமாட்டேன். அவர் கையெழுத்துப் போட்டார், வரி தவறாமல் கடைப்பிடித்தார். அமெரிக்கக் கவுன்சலிங் சங்கத்தின் 2014 நெறிமுறைகளும், சம்மதமில்லாமல் கிளையண்டின் சமூக ஊடகத்துக்குள் எட்டிப் பார்க்காதே என்றுதான் சொல்கின்றன. நான் தேடவில்லையே, அதுவாக வந்ததுதானே என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். என்னை விலக்கி வைக்கும் வசதி அவர் போனில் இருக்கிறதே, விலக்கவில்லை என்றால் அது சம்மதம் ஆகாதா? ஆகாது. போனில் இருக்கும் அமைப்பை மாற்றாமல் விடுவதைச் சம்மதம் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன்.

வைத்தியர் கண்ணாடியைப் போல இருக்க வேண்டும், தனக்குக் காட்டப்படுவதை மட்டும் திருப்பிக் காட்ட வேண்டும் என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் 1912-இல் எழுதினார். கண்ணாடிக்கு 'லாஸ்ட் சீன்' கிடையாது, அவருக்குச் சுலபம்.

எனக்கு வழிகாட்டும் மூத்த ஆலோசகரிடம் சொன்னபோது, "பார்த்ததை விடு. பொய் சொன்னதை அடுத்த தடவை அவங்ககிட்டயே பேசு" என்றார். பேசவில்லை. அடுத்த தடவை அவர் புது வேலையைப் பற்றி உற்சாகமாக இருந்தார், அதைக் கலைக்க வேண்டாம் என்று தோன்றியது. அவருக்காகவா எனக்காகவா என்று கேட்டால் பதில் இல்லை. அதற்கு அடுத்த தடவை, தாமதமாகிவிட்டது என்று தோன்றியது.

(இதை எழுதுவதுகூட அதே எல்லையைத்தான் தொடுகிறது. அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். இருந்தாலும் அவர் படித்தால் தெரிந்துகொள்வார்.)

பேசுவதற்குப் பதிலாக நான் செய்தது வேறு. வாட்ஸாப்பில் நீல டிக்கை அணைத்தேன். அணைத்தால் நாம் பார்த்த ஸ்டேட்டஸிலும் நம் பெயர் ஏறாது. எல்லையைச் சரிசெய்துவிட்டதாக ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவருக்குத் தெரியாமலே பார்க்கலாம் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

அவர் ஸ்டேட்டஸ் எதுவும் இப்போதெல்லாம் எனக்கு வருவதில்லை. போடுவதை நிறுத்தினாரா, என்னை மட்டும் விலக்கினாரா, தெரிந்துகொள்ள வழியில்லை. நேற்று, 'செவ்வாய் நாலு மணிக்கு வர முடியுமா?' என்று அனுப்பினேன். இரண்டு சாம்பல் டிக். நீலத்தை அணைத்தது நான்தானே, படித்தாரா என்று எனக்கும் தெரியாது.