விளம்பரப் பகுதியிலிருந்து தலைமைக் கதிரைக்கு

கிளிநொச்சியில் ஒரு செய்திப் பக்கத்துக்கு விளம்பரம் பிடிக்கிற எனக்கு மெரிடித் கோபிட் லெவியனின் தொழில் வாழ்க்கை மேல் ஒரு கண். போர்ப்ஸ் சஞ்சிகையில் வருமானப் பிரிவைப் பார்த்தவர், 2013இல் நியூயோர்க் ரைம்ஸுக்கு விளம்பரப் பிரிவுத் தலைவராகத்தான் போனார், 2020இல் அந்த நிறுவனத்துக்கே தலைமை நிர்வாகி. விளம்பரத்தால் வளர்ந்த ஆளே வாசகரின் சந்தாதான் முதல் என்று நின்றதுதான் எனக்குப் பிடித்த விசயம். பிறகு, செயற்கை நுண்ணறிவைப் பழக்கத் தன் கட்டுரைகளைக் கேட்காமல் எடுத்தார்கள் என்று 2023 டிசம்பரில் ஓபன்ஏஐ, மைக்ரோசொப்ட் மீது ரைம்ஸ் வழக்குப் போட்டது, 2025இல் அதே மாதிரிக் கட்டுரைகளைப் பாவிக்க அமேசனோடு காசுக்கு ஒப்பந்தம். சும்மா எடுக்காதே, வேணுமென்றால் காசைத் தா, அவ்வளவுதான்.

இங்கே சந்தா என்றால் சிரிப்பார்கள். விளம்பரம் கேட்டு ஏ9 வீதியில் ஹார்ட்வெயார் கடைக்குப் போனால், "தம்பி, பேஸ்புக்கில நானே பூஸ்ட் பண்ணுவன், உங்களுக்கு ஏன் தரவேணும்?" என்று முதலாளி போனைத் திருப்பிக் காட்டுகிறார். நியாயமான கேள்விதான், என்னிடம் நல்ல பதில் இல்லை. எங்களைக் காப்பாற்றுவது மரண அறிவித்தல், அதுவும் கனடா, சுவிஸ் பிள்ளைகள் காசு கட்டிப் போடுவது. மருமகனின் பெயர் விடுபட்டுப் போச்சு என்று நடுச்சாமத்திலும் வட்ஸ்அப்பில் அழைப்பு வரும், உடனே திருத்திக் கொடுத்தால்தான் 31ஆம் நாள் அறிவித்தலும் எங்களிடம் வரும்.