பிஸ்மார்க்குகள் கேட்டு வாங்காத கிராமம்

ஸ்டெண்டால் நகரிலிருந்து கிழக்கே செல்லும் சிறிய ரயில், எல்பே ஆற்றைக் கடந்ததும் ஷோன்ஹவுசனில் நிற்கிறது. சென்ற கோடையில் ஒரு நாள் முற்பகலில் அங்கே இறங்கினேன். என்னோடு இறங்கியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் மட்டுமே. 1871இல் ஜெர்மனியை ஒரே பேரரசாக இணைத்த ஓட்டோ ஃபான் பிஸ்மார்க், 1815 ஏப்ரல் 1 அன்று பிறந்த ஊர் இது. ஆனால் அவரைவிட, அவருடைய குடும்பம் இந்த ஊருக்கு வந்து சேர்ந்த விதமே என்னை இங்கே இழுத்து வந்தது.

‘ஃபான்’ என்ற சொல்லுக்கு ‘இன்ன ஊரைச் சேர்ந்தவர்’ என்பதுதான் நேர்ப்பொருள். இந்தக் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்த ஊர், ஆல்ட்மார்க் பகுதியிலுள்ள பிஸ்மார்க் என்ற சிறு நகரம். ஆவணங்களில் முதலில் தென்படும் முன்னோர் ஹெரெபோர்ட். 1270இல் அவர் ஸ்டெண்டாலில் துணி வணிகர் சங்கத்தின் தலைவராக இருந்தார். இரும்பு மனிதர் என்று உலகம் அழைத்தவரின் குலத்தில் வாளுக்கு முன்பே முழக்கோல் இருந்திருக்கிறது. நகரத்துச் செல்வர்களாக இருந்தவர்களைப் பிரபுக்களாக உயர்த்தியது 1345ஆம் ஆண்டு. பிராண்டன்பர்க் ஆட்சியாளர் அந்த ஆண்டில்தான் கிளாஸ் ஃபான் பிஸ்மார்க்குக்கு புர்க்ஷ்டால் கோட்டையையும் அதைச் சார்ந்த நிலங்களையும் மானியமாக அளித்தார். கோட்டையுடைய குடும்பம் என்றால் சாதாரணப் பண்ணைப் பிரபுக்களைவிட ஒரு படி மேல்.

புர்க்ஷ்டாலுக்கு அருகே லெட்ஸ்லிங்கர் காடு இருந்ததுதான் வினையாயிற்று. அப்போது பிராண்டன்பர்க்கை ஆண்ட ஹோஹென்சோலெர்ன் வம்சத்து அரசர் குடும்பத்துக்கு அங்கே வேட்டையாடப் பெருவிருப்பம். காட்டை ஒட்டிய நிலம் பிஸ்மார்க்குகளின் கையில் இருப்பது அவர்களுக்கு இடைஞ்சல். நெருக்கடி முற்றி, 1562இல் இரு தரப்பும் நிலத்தை மாற்றிக்கொண்டன. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த புர்க்ஷ்டாலைக் கொடுத்துவிட்டு, ஷோன்ஹவுசன், ஃபிஷ்பெக், கிரெவேஸே ஆகிய ஊர்களைப் பிஸ்மார்க்குகள் பெற்றார்கள். பரிமாற்றம் என்று ஏட்டில் இருந்தாலும், மறுக்க முடியாதவரிடம் கேட்டு வாங்கியதை வேறெப்படிச் சொல்வது? தாம் பணிபுரிந்த அதே ஹோஹென்சோலெர்ன் குடும்பம் தெற்கு ஜெர்மனியின் சுவாபியாவிலிருந்து வந்ததென்றும், தம்முடையதைவிட மேலானதல்லவென்றும் ஓட்டோ சொல்லிக்கொள்வாராம். அதில் இந்தப் பழைய மனத்தாங்கலும் கொஞ்சம் கலந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊரின் தேவாலயம் குடும்பத்தைவிடப் பழையது. 1212இல் புனிதப்படுத்தப்பட்ட செங்கல் கட்டடம் அது. தடித்த சுவர்களுக்குள் கோடையிலும் குளிர் தேங்கி நிற்கிறது. பிற்காலத்தில் அங்கே வந்து சேர்ந்தவை பிஸ்மார்க் குடும்பத்தாரின் நினைவுக் கற்கள். அவர்களுடைய குலச் சின்னத்தை அருகே நின்று பார்த்தேன்: நடுவில் மூவிலைத் தீவனப் புல், அதன் இடுக்குகளில் மூன்று ஓக் இலைகள். சிங்கமோ கழுகோ இல்லை.

ஓட்டோ பிறந்த மாளிகையைத் தேடினால் கிடைக்காது. 1945 நிலச் சீர்திருத்தத்தில் நூறு ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் இழப்பீடின்றிப் பறிக்கப்பட்டன. 1958இல் கிழக்கு ஜெர்மன் அரசு மாளிகையையே வெடிவைத்துத் தகர்த்தது. தப்பிய பக்கக் கட்டடத்தில் இன்று அருங்காட்சியகம் இயங்குகிறது. மாளிகை நின்ற இடத்தருகே மரங்களுக்கிடையில் சற்று நேரம் நின்றேன். புல்லைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

மாளிகை போனாலும் ஆற்றின் வெள்ளத் தடுப்புக் கரை நிற்கிறது. இந்தப் பகுதியில் வெள்ளம் பிரபுவையும் குடியானவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகவே எல்பேயின் கரைகளைப் பேணும் பொறுப்பு பெரிய நிலக்காரர்களிடம் இருந்தது. தந்தை இறந்த பின் 1845இல் பண்ணைக்குப் பொறுப்பேற்ற ஓட்டோ, அடுத்த ஆண்டே கரைத் தலைவர் பதவியைத் தேடிப் பெற்றார். பனிக்கட்டி உடைந்து ஆறு பெருகும் காலங்களில் கரையைச் சுற்றிவந்து ஆள் திரட்டுவது அந்தப் பதவியின் வேலை. மறு ஆண்டு, நோயுற்ற ஒருவருக்குப் பதிலாகப் பெர்லினில் கூடிய பிரஷ்ய மாகாணங்களின் ஐக்கிய சபைக்குப் போனார். அதற்குப் பிறகு நடந்தவை எல்லாப் பாடநூல்களிலும் உள்ளன.

2013 ஜூன் 10 அன்று, அந்தப் பழைய பரிமாற்றத்தில் கிடைத்த ஊர்களில் ஒன்றான ஃபிஷ்பெக்கில் கரை உடைந்தது. ஷோன்ஹவுசனிலும் தண்ணீர் புகுந்தது, மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். மண் மூட்டைகளால் அடைக்க முடியாத அந்தப் பிளவில் பழைய சரக்குப் படகுகளை நிறுத்தி, வெடிவைத்து மூழ்கடித்து ஓட்டத்தைத் தடுத்தார்கள். அருங்காட்சியகத்தில் நான் சந்தித்த பெண்மணி பிஸ்மார்க்கைப் பற்றிப் பத்து நிமிடமும் அந்த ஜூன் மாதத்தைப் பற்றி அரை மணி நேரமும் பேசினார். அவர் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தைக் கையால் காட்டினார்: இடுப்புக்குச் சற்று மேலே.