கஹூங்கீ

எதிர்வீட்டு ஆபா கராச்சிக்காரர். ‘ஆபா’ என்றால் உருதுவில் அக்கா. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில் ஏழு வருடமாக எதிரெதிரே இருக்கிறோம். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு உருது வராது. பேச்செல்லாம் மலாயில்தான்.

போன சனிக்கிழமை வாசலில் உட்கார்ந்து நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தபோது, பாகிஸ்தானின் உருதுக் கவிஞர் பர்வீன் ஷாகிரின் இரண்டு அடிகளைச் சொல்லி மலாயில் விளக்கினார். நான் தமிழில் பிடித்தது இது: ‘நான் உண்மையே சொல்வேன், இருந்தும் தோற்றுப்போவேன். அவன் பொய் சொல்லி என் வாயை அடைத்துவிடுவான்.’

அந்த ‘அவன்’ உடனே பிடிபடவில்லை. மலாயில் ஆணும் ‘டியா’, பெண்ணும் ‘டியா’. பேசுவது ஆணா பெண்ணா என்று கேட்டேன். ஆபா ‘கஹூங்கீ’ என்று அந்தக் ‘கீ’யை இழுத்துச் சொன்னார். ஆண் சொன்னால் ‘கஹூங்கா’ ஆகிவிடுமாம். நம் ‘சொல்வேன்’ யார் வாயிலிருந்தும் வரலாம். உருதுவில் அந்த ஒரு சொல்லிலேயே பேசுபவள் பெண் என்று தெரிந்துவிடுகிறது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கஸல் என்ற உருதுக் கவிதை வடிவத்தில் காதலிப்பவர் ஆணாகப் பேசுவதுதான் பழைய மரபு. காதலிக்கப்படுபவரையும் ஆண்பாலிலேயே சொல்வார்கள். எழுதவந்த பெண்களிலும் பலர் அப்படியே எழுதினார்கள். அதா ஜாஃப்ரி, கிஷ்வர் நாஹீத் போன்ற பெண் கவிஞர்கள் முன்பே வழி திறந்திருந்தார்கள். பெண்ணின் உடலையும் ஆசையையும் வெளிப்படையாக எழுதியதற்காக ஃபஹ்மிதா ரியாஸ் 1973இல் வசை வாங்கினார். 1976இல் முதல் தொகுப்போடு வந்த பர்வீனோ, ஓர் இளம்பெண்ணின் காதலை அவள் வாயாலேயே, பெண்பாலிலேயே கஸலுக்குள் கொண்டுவந்தார். 1994இல் கார் விபத்தில் போனபோது அவருக்கு 42 வயது. அதைச் சொல்லும்போது ஆபாவின் குரல் கம்மியது.

பதிலுக்கு நான் குறுந்தொகைத் தலைவியைப் பற்றிச் சொல்லப் போனேன். ‘அலர்’ என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். அதற்கு மலாயில் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. காதலிக்கும் பெண்ணைப் பற்றி ஊரே வாய்க்கு வந்தபடி பேசுவது என்று சுற்றிவளைத்தேன். ஆபா சட்டென்று, ‘ருஸ்வாயி!’ என்றார். பர்வீனின் இன்னொரு கஸலில் வருகிறதாம்: ‘அவன் என்னை விட்டுவிட்டான் என்று எப்படிச் சொல்வேன்? உண்மைதான், ஆனால் மானம் போகிற பேச்சாயிற்றே.’

ஆண் கவிஞர்கள் ருஸ்வாயியைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்களாம். பித்தன் என்று ஊர் சொன்னால் அவர்கள் காதலுக்கு அது சான்று. இந்தப் பெண்ணுக்கோ, நடந்த உண்மையைக்கூட வெளியே சொல்ல முடியாது. நம் தலைவியும் தன் மனதைப் பெரும்பாலும் தோழியிடம்தானே சொல்கிறாள்?

நெத்திலி பாதி அப்படியே கிடந்தது. ஆபா அந்தக் கஸலை முதலிலிருந்து சொல்ல, நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன்.