பச்சை உப்பும் உயிரில்லாத அம்மோனியாவும்

அம்மோனியா பாட்டிலைத் திறந்தால் கண்ணில் நீர் வர வேண்டும். தில்லியில் எங்கள் கல்லூரியின் பி.எஸ்சி. செய்முறைத் தேர்வில் மேசைமேல் இருந்த பாட்டிலை முகர்ந்தபோது வராத கண்ணீர், சற்று நேரத்தில் வேறு காரணத்துக்காக வந்துவிடும் போலிருந்தது. மதிப்பெண் வந்துவிட்டது, பிழைத்தேன். ஆனாலும் ஆற்றாமை தீரவில்லை. பெயர் சொல்லாமல் தரும் உப்புக் கலவையில் என்னென்ன அயனிகள் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் தேர்வு. அடுத்த பருவத்தில் அந்தக் கலவையை எடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கரோல் பாகில் எங்கள் தெருவிலேயே எம்.எஸ்சி. படிக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். தேர்வுக்கு முன்தினம் அவர் சொன்னது ஒன்றுதான்: “தம்பி, பாட்டிலின்மேல் ஒட்டியிருக்கும் பெயரை நம்பாதே. உப்பைச் சோதிக்கும் முன் கரைப்பானைச் சோதி.” அந்த அக்கா இல்லையென்றால் நான் இல்லாத குளோரைடை எழுதியிருப்பேன். வடிநீர் என்று எழுதிய கேனிலிருந்து வெறும் நீரை எடுத்து, நைட்ரிக் அமிலமும் இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட்டும் விட்டேன். குளோரைடு இருந்தால் வருவதுபோல், பால்போல் வெளுத்தது. கேனில் இருந்தது குழாய்த் தண்ணீர்! ஆய்வக உதவியாளரிடம் காட்டினால், “தண்ணீர் தண்ணீர்தானே?” என்றார். தேர்வாளர் காதில் விழும்படி மறுபடி கேட்ட பிறகுதான் உள்ளறையிலிருந்து வேறு கேன் வந்தது. சல்பேட் உடனே உறுதியானது.

எனக்குக் கிடைத்தது வெளிர்பச்சைத் தூள். பச்சையைப் பார்த்ததும் நிக்கல் என்று முடிவுகட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இரும்பு இரண்டும் (இரண்டு மின்சுமை கொண்ட இரும்பு அயனி, Fe²⁺) வெளிர்பச்சை, குரோமியம் மூன்றும் (Cr³⁺) பச்சை, செறிவான காப்பர் குளோரைடு கரைசலும் பச்சையாகத்தான் தெரியும். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பார்த்தேன். அழுக்குப் பச்சை வீழ்படிவு வந்து, குழாயின் வாய்ப்பக்கம் காற்றுப் பட்ட இடத்தில் பழுப்பேறியது. இரும்பு இருக்கிறது என்று புரிந்தது. கூட யார் என்பதுதான் கேள்வி.

உலோக அயனிகளைக் குழு குழுவாகப் பிரித்துத்தான் தேடுவோம். காப்பர் போன்றவை இருக்கும் இரண்டாம் குழுவுக்கு ஹைட்ரஜன் சல்பைடு வாயு வேண்டும். அதைத் தயாரிக்கும் கிப் உபகரணம் மூலையில் காய்ந்து கிடந்தது. “வாயுவைச் செலுத்தினோம், வீழ்படிவு இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்” என்றார் உதவியாளர். அப்படி எழுத மனம் வரவில்லை. மூலக் கரைசலில் அம்மோனியாவை மிகையாக விட்டுப் பார்த்தாலே காப்பர் இருந்தால் ஆழ்நீலம் காட்டிக்கொடுத்துவிடும். நிக்கலும் நீலம் தரும், ஆனால் வெளிறிய நீலம்.

அதற்குத்தான் அந்த அம்மோனியா பாட்டில். மணமே இல்லை. மூடி சரியாக இல்லாமல் எத்தனை மாதம் இருந்ததோ, வாயு போய்த் தண்ணீர் மட்டும் மிச்சம். இதைக் கொண்டு மூன்றாம் குழுவுக்குப் போனால் கரைசலின் அமிலத்தன்மை குறையாது, இரும்பு ஹைட்ராக்சைடு விழவே விழாது, “மூன்றாம் குழு இல்லை” என்று எழுதிவிட்டு நடக்க வேண்டியதுதான். சிவப்பு லிட்மஸ் நீலமாகும்வரை அம்மோனியா சேர்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். என் தாள் சிவப்பாகவே இருந்தது. புதுப் பாட்டில் கேட்டேன். அலமாரிச் சாவி வைத்திருப்பவர் தேநீர் குடிக்கப் போயிருக்கிறாராம். தேர்வு நேரத்தில்! ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாட்டில் வந்ததும் மேகம் விலகியது. கரைசலில் சில சொட்டு அடர் நைட்ரிக் அமிலம் விட்டுக் கொதிக்க வைத்து, அம்மோனியம் குளோரைடு சேர்த்து, அம்மோனியா விட்டேன். செம்பழுப்பு வீழ்படிவு திரண்டு இறங்கியது. இந்தக் கொதிக்க வைப்பதை யாரும் விட்டுவிடாதீர்கள். இரும்பு இரண்டு மூன்றாக மாறாவிட்டால், அம்மோனியம் குளோரைடு இருக்கும்போது அது முழுவதும் விழாமல் வடிதிரவத்துக்குள் தப்பிவிடும். பக்கத்து மேசை நண்பனுக்கு நேர்ந்தது அதுதான். நிக்கலைக் கண்டுபிடிக்க உதவும் டைமீதைல் கிளையாக்சைம் விட்டதும் சிவந்தது, நிக்கல் என்று எழுதிவிட்டான். அவன் கலவையில் நிக்கலே இல்லை. இரும்பு இரண்டு தருவது சிவப்புக் கரைசல். நிக்கல் தருவது ரோஜாச் சிவப்பு வீழ்படிவு. அது பஞ்சுபோல் மிதக்க வேண்டும். என் வடிதிரவத்தில் மிதந்தது.

அடுத்த தலைவலி இரும்பின் ஆக்சிஜனேற்ற நிலை, அதாவது அது இரண்டா மூன்றா என்பது. இதை நைட்ரிக் அமிலம் தொட்ட கரைசலில் பார்க்கக் கூடாது, மூலக் கரைசலில்தான் பார்க்க வேண்டும். இரும்பு மூன்றைச் சிவப்பாகக் காட்டும் தயோசயனேட் விட்டதும் லேசாகச் சிவந்தது. உடனே மூன்று என்று எழுதினால் போச்சு. பழைய பெரஸ் (இரும்பு இரண்டு) உப்பு காற்றில் கொஞ்சம் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கும், அந்தச் சிறு அளவுக்கே தயோசயனேட் நிறம் காட்டும். இரும்பு இரண்டை நீலமாகக் காட்டும் பெரிசயனைடு விட்டதும் ஆழ்நீலம் திரண்டது. இரண்டு என்று எழுதி, லேசான சிவப்புக்கான காரணத்தையும் ஒரு வரி சேர்த்தேன்.

அந்த வரியைப் பிடித்துக்கொண்டார் புறத்தேர்வாளர். “இரும்பு மூன்றின் கரைசலில் சோடியம் கார்பனேட் விட்டால் என்ன வரும்?” கார்பனேட் வராது, ஹைட்ராக்சைடும் கார்பன் டை ஆக்சைடுக் குமிழ்களும் வரும் என்றேன். ஏன் என்றார். சிறிய அயனி, மூன்று மின்சுமை, தன்னைச் சூழ்ந்த ஆறு நீர் மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களை இழுக்கிறது, புரோட்டான் சுலபமாகப் பிரிகிறது, கரைசல் அமிலமாகிவிடுகிறது என்று சொல்லி முடிப்பதற்குள் தாளில் சரிக்குறி போட்டுவிட்டார். அன்று சிரித்த ஒரே ஆள் அவர்தான்.

மதியக் குழுவுக்குக் கோபால்ட் வந்ததாம். டிசம்பர்க் குளிரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டும் இளஞ்சிவப்பு ஊதாவோடு நின்றுவிட்டது என்று புலம்பினார்கள். கோபால்ட்டோடு குளோரைடு சேர்ந்து நீலக் குளோரோ அணைவு உருவாவது வெப்பம் கொள்ளும் வினை. குழாயைச் சற்றுச் சூடாக்குங்கள், அடர் அமிலமா என்றும் பாருங்கள், நீலம் வந்துவிடும். கிப் உபகரணத்தைப் பற்றித் துறையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதுவரை பதில் வரவில்லை.