உஷ்... அடுத்த ஜோக் போயிடும்!

கிண்டி பொறியியல் கல்லூரி விடுதியில் நாங்கள் எதற்கெடுத்தாலும் சிரிப்போம். கிரேஸி மோகன் எழுதிய தொடர் டிவியில் ஓடும்போது மட்டும் சிரிக்கத் தடை. எவனாவது வாய்விட்டுச் சிரித்துவிட்டால் பின்வரிசையிலிருந்து அதட்டல் வரும்: "உஷ்... அடுத்த ஜோக் போயிடும்டா!"

போய்த்தான் விடும். சபாவில் அவர் நாடகம் பார்க்கும்போது இந்தத் தொல்லை இல்லை. சிரிப்பு அடங்கும்வரை நடிகர்கள் காத்திருந்து அடுத்த வசனத்தை எடுப்பார்கள். டிவிக்குள் இருப்பவருக்கு எங்கள் சிரிப்பு எப்படிக் கேட்கும்? ஒருவர் ஒரு பொருளில் சொன்னதை அடுத்தவர் வேறு பொருளில் வாங்கிக்கொள்வார். அதற்கு மூன்றாமவர் விளக்கம் வேறு கொடுப்பார். நடுவில் ஒரு சொல்லைத் தவறவிட்டால் அடுத்த நான்கும் புரியாது.

அந்த நோய் எங்களுக்கும் தொற்றியது. ஊரிலிருந்து திரும்பியவன் "பஸ் பிடிச்சு வந்தேன்" என்றால், "ஏன், உட்கார இடமில்லையா?" என்று நான்கு பேர் கேட்பார்கள்.

மோகன் எங்களுக்குப் பல ஆண்டு சீனியர், இதே கிண்டியில் மெக்கானிக்கல். 1972-இல் கல்லூரிகளுக்கிடையிலான நாடகப் போட்டிக்கு அவர் எழுதிய குறுநாடகம் பரிசு வாங்கியது. சிறப்பு விருந்தினர் கமல்ஹாசன். பின்னாளில் இருவரும் சேர்ந்து என்ன செய்தார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிப்பு முடிந்து சுந்தரம் கிளேட்டனில் வேலை. 1976-இல் எஸ்.வி.சேகர் குழுவுக்கு எழுதிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' ஓடிய ஓட்டத்தில் பெயருக்கு முன்னால் 'கிரேஸி' ஒட்டிக்கொண்டது. 1979-இல் சொந்தக் குழு. தொலைக்காட்சி, சினிமா, கலைமாமணி விருது எல்லாம் அப்புறம்.

விருதைவிட எனக்குப் பிடித்தது ஜானகி. அவருடைய கதாநாயகிகளுக்கு அநேகமாக அந்தப் பெயர்தான். பள்ளியில் அவருக்கு ஊக்கம் கொடுத்த ஆசிரியையின் பெயராம் அது. (எனக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு நாங்கள் வைத்த பெயர்களை இந்த மலரில் அச்சிட மாட்டார்கள்.)

2019 ஜூன் 10 அன்று அவர் மறைந்த செய்தி வந்தபோது நான் கடல் கடந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்றிரவு யூடியூபில் அவருடைய பழைய நாடகம் ஒன்றைத் தேடி எடுத்தேன். இப்போது வசதிதானே, ஒவ்வொரு ஜோக்குக்கும் நிறுத்தி வைத்துச் சிரிக்கலாம். அரை மணி நேரக் காட்சிக்கு ஒன்றேகால் மணி ஆகிறது. விடுதிப் பழக்கம், இன்னும் சத்தம் வராமல்தான் சிரிக்கிறேன். அடிக்கடி ஒலி நின்றுபோவதைக் கேட்டு அடுத்த அறையிலிருந்து மனைவி குரல் கொடுக்கிறாள்:

"என்னங்க, நெட் போயிடுச்சா?"