பிரவுன் அட்டைக்குள் ரத்தக்காட்டேரி

பள்ளி உங்களுக்கு என்ன கொடுத்தது என்று எழுதச் சொல்லிப் பள்ளி மலர்க்குழுவிலிருந்து இரண்டு முறை நினைவூட்டல் வந்துவிட்டது. ஒழுக்கம், நேரம் தவறாமை என்றெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு அட்டை போடத் தெரிந்தது. ஜூன் மாதம் பிரவுன் ஷீட் வாங்கி, நான்கு மூலையும் மடித்து, லேபிளில் பெயர், வகுப்பு, பிரிவு எழுதி ஒட்டினால் உள்ளே இருப்பது வரலாறா வேறு எதுவுமா என்று யாருக்கும் தெரியாது. அந்த வித்தை 2008இல் மறுபடி கைகொடுத்தது. எனக்கு அப்போது 36 வயது. மகள் பள்ளியிலிருந்து கொண்டு வந்த ‘ட்வைலைட்’ என்ற ரத்தக்காட்டேரிக் காதல் நாவலை நியூ ஜெர்சி ரயிலில் படிக்க ஆரம்பித்திருந்தேன். கறுப்பு அட்டை, இரண்டு வெளுத்த கைகள், நடுவில் சிவப்பு ஆப்பிள். எதிர் சீட்டில் தினம் வரும் சக ஊழியர் பார்த்துவிடப் போகிறாரே என்று மளிகைக்கடைக் காகிதப் பையை வெட்டி அட்டை போட்டேன். பழக்கதோஷம், லேபிள்கூட ஒட்டப் பார்த்தேன்.

இந்தத் திருட்டுத்தனம் தொடங்கியது தண்டையார்பேட்டையில், 1986இல், ஒன்பதாம் வகுப்பில்.

மாத நாவல் ஒன்று வந்தால் நாங்கள் நாலு பேர் பங்கு போடுவோம். ராயபுரத்துக்காரி, காசிமேட்டுக்காரி, வண்ணாரப்பேட்டைக்காரி, நான். (பெயர் போட்டால் பேரப்பிள்ளை எடுத்த பிறகும் என்னை அடிக்க வருவார்கள்.) வாடகை நூலகத்தில் காலையில் எடுத்ததை மறுநாள் திருப்பித் தர வேண்டும். அதனால் நடுவில் இருக்கும் பின்னைக் கழற்றிவிட்டு, படித்து முடித்ததும் அதே ஓட்டையில் திரும்ப மாட்டிவிடுவோம். நடுப்பின் அடித்த புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தாள்கள் ஒன்றுக்குள் ஒன்று இருக்கும். 96 பக்க நாவலில் வெளித்தாள்களை வாங்குபவளுக்கு 1 முதல் 12, பிறகு 85 முதல் 96. பேய் யார், கடைசியில் யார் செத்தார்கள் என்று முதல் பீரியடிலேயே தெரிந்துவிடும், எப்படி என்பது மட்டும் தெரியாது. எனக்கு எப்போதும் நடுப்பங்கு. 37 முதல் 60 வரை ஒரே ஓட்டமாகப் படிக்கலாம், ஆனால் தலையும் இல்லை வாலும் இல்லை. பிறகு மாற்றிக்கொள்வோம். பாடவேளைக்கு ஒரு பங்கு என்று கணக்கு.

அந்த மாதம் வந்தது ஒரு பேய்க்காதல். கிணற்றில் விழுந்து செத்த பெண்ணும், அதே வீட்டு மாடிக்குக் குடிவந்த கல்லூரிப் பையனும். என் பங்கில் இருவரும் மொட்டை மாடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கால் தரையில் பாவவில்லை என்பது நமக்குத் தெரிகிறது, அந்த மடையனுக்குத் தெரியவில்லை. 60ஆம் பக்கத்தின் கடைசி வரி: ‘அவன் சட்டென்று அவள் கையைப் பிடித்தான். கை’. அவ்வளவுதான், தாள் முடிந்துவிட்டது.

பூகோள வகுப்பில் மற்ற மூன்று பங்கும் பிடிபட்டன. என்னுடையது அட்லஸுக்குள் இருந்ததால் தப்பியது. மூவரும் வெளியே முட்டி போட்டார்கள். நூலகக்காரருக்குப் புத்தக விலையை நாங்கள் நாலு பேரும் பங்கு போட்டுக் கொடுத்தோம். ஸ்டாஃப் ரூமில் டீச்சர்கள் அதைப் படித்திருப்பார்கள் என்று எங்களுக்கு இன்றும் சந்தேகம். படித்திருந்தால் பாவம், நடு இல்லாமல்தான் படித்திருக்க வேண்டும்.

அந்தக் ‘கை’ என்ன ஆனது என்று 22 வருஷம் எனக்குத் தெரியாது. ரயிலில் படித்த ‘ட்வைலைட்’டில் நாயகி பெல்லா ரத்தக்காட்டேரி எட்வர்டின் கையைத் தொடுகிற இடம் வந்தது. பனிக்கட்டி போலச் சில்லென்று இருக்கிறது. ‘ஆங், இதுதான்!’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு நாலு பாகத்தையும் ஒரே மூச்சில் முடித்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, எந்தத் தாளும் இன்னொருத்தியிடம் இல்லாமல். குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். எட்வர்ட் 1901இல் பிறந்தவன், பெல்லாவுக்கு வயது 17. ராத்திரி ஜன்னல் வழியாக வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். காசிமேட்டில் இப்படிச் செய்திருந்தால் ரத்தக்காட்டேரி என்றும் பார்க்காமல் அண்ணன்மார் காலை ஒடித்திருப்பார்கள். மூன்றாம் பாகத்தில் அவள் நண்பனைப் பார்க்கப் போகக் கூடாது என்று அவள் வண்டியையே ஓடாமல் செய்கிறான். என் மகளுக்கு அது அன்பு, எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு பேரும் ஒரு வாரம் சண்டை போட்டோம். அவளோடு அவ்வளவு நேரம் பேசியது அந்த வருஷத்தில் அப்போதுதான்.

பதினாலு வயதில் படித்திருந்தால் பெல்லாவின் அப்பா சார்லியை நான் கவனித்தே இருக்க மாட்டேன். ஓயாமல் மழை பெய்யும் ஃபோர்க்ஸ் என்ற ஊரில் போலீஸ் அதிகாரி, தனியாள். லீவு நாளில் மீன் பிடித்துக் கொண்டுவந்து ஃப்ரீசரை நிரப்புகிறார். வீட்டுக்குள் என்ன நடக்கிறதென்றே தெரியாத மனுஷன். அவர் வரும் பக்கங்களை இரண்டு தடவை படித்தேன். மீனை ஃப்ரீசரில் அடுக்குவதைப் படித்தால் காசிமேட்டுக்காரி என்ன சொல்லியிருப்பாள் என்று சிரிப்பும் வந்தது. ஐஸில் கிடந்ததை அவள் வீட்டில் பூனைக்குத்தான் போடுவார்கள்.

இரண்டாம் பாகத்தில் எட்வர்ட் பெல்லாவை விட்டுவிட்டுப் போய்விடுகிறான். அடுத்து அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று ஒரு பக்கத்துக்கு ஒரு மாதத்தின் பெயர் மட்டும், வேறு ஒரு வரி கிடையாது. எனக்குத் திருவொற்றியூர் ஞாபகம் வந்தது. எங்களைக் கோயிலுக்கு அழைத்துப் போன தமிழ் டீச்சர் மகிழ மரத்தடியில் நிறுத்திச் சொன்ன கதை. உன்னைப் பிரியமாட்டேன் என்று, மணக்க இருந்த சங்கிலியாருக்குச் சத்தியம் செய்ய வேண்டும் சுந்தரர். சன்னிதியில் சத்தியம் செய்யும் நேரம் நீர் மகிழின் கீழ் போய் இரும் என்று சிவனிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறார். சிவனோ சங்கிலியார் கனவில் போய், மகிழின் கீழ் சத்தியம் கேள் என்கிறார். மாட்டிக்கொண்டார் தம்பிரான் தோழர். பிறகு திருவாரூர் நினைவில் சத்தியத்தை மீறி ஊர் எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. ஒரு கண் காஞ்சியில் வந்தது, மற்றது திருவாரூரில். ‘அதுவரைக்கும் சங்கிலி என்ன செஞ்சாங்க டீச்சர்?’ என்று ராயபுரத்துக்காரி கேட்டாள். டீச்சர் பதில் சொல்லவில்லை, பிரசாதம் வாங்க வரிசையில் நில்லுங்கள் என்றார்.

2020 ஊரடங்கில் ‘ட்வைலைட்’ கதையே எட்வர்ட் வாயால் 600 பக்கத்துக்கு மேல் வந்தது. வாங்கினேன். இழுவை. பையன் மனசு புத்தகத்தில் மூடியிருந்தவரை அழகாக இருந்தது.

போன மாதம் எங்கள் நாலு பேர் வாட்ஸாப் குழுவில் கேட்டேன்: அந்தக் கிணற்றுப் பேய்க் கதையில் கடைசியில் என்னடி ஆச்சு? அன்றைக்கு வெளித்தாள் ராயபுரத்துக்காரியிடம்தான் இருந்தது. கல்யாணம் ஆச்சு என்றாள். இல்லை, அவனும் கிணற்றில் விழுந்தான் என்றாள் காசிமேட்டுக்காரி, அவள் அதைப் படித்திருக்கவே முடியாது. வண்ணாரப்பேட்டைக்காரி மட்டும் தனியாக எனக்குக் குரல் செய்தி அனுப்பினாள்: ‘நீ படிச்ச அந்தக் கறுப்பு புக்கு நாலையும் ஜனவரில வரும்போது எடுத்துகினு வா. அட்டை போட்டு எடுத்துகினு வாடி, வூட்ல மருமக கீறா.’